எல்லோருக்கும் ஒரே ரவுட்டர்

உங்கள் மடியில் இருப்பது லேப்டாப் பைதானே, தம்பி? அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை பட்டால் ரவுட்டர் கெட்டுப்போகுமா?

சிரிக்க வேண்டாம். தெரிந்தவராக இருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். இதோ இந்த அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. இதைத் திருப்பி அனுப்பிய பெண் உள்ளே ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்து அனுப்பிவிட்டாள். பொட்டலம் பிரிந்து எறும்பு ஏறிவிட்டது. நான் துடைத்து, ஊதி, வெயிலில் வைத்து எடுத்துத்தான் வீட்டில் மாட்டினேன். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது. நெட் வருகிறது. பேரன் கார்ட்டூன் பார்க்கிறான். ஆபீஸ் சர்வரைக் கேட்டால் மட்டும் இல்லை என்கிறது.

அவளைப் பார்க்கத்தான் இந்த பஸ்ஸில் போகிறேன். பரமத்தி தாண்டி இறங்க வேண்டும். இதற்கு அவள் என்ன செய்தாள் என்று இன்றைக்கே கேட்டாக வேண்டும். நாளைக் காலையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்து உட்காரப்போகிறாள். அப்புறம் அவள் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. வேலை போனவளிடம் போய் ரவுட்டரைப் பற்றிக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? இன்றைக்குக் கேட்டால் மேனேஜர் கேட்டதாக இருக்கும்.

நீங்கள் நாமக்கல்லா? நல்லது. நேரம் இருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள், பேச்செல்லாம் காற்றோடு போகிறது.

என் பெயர் தெய்வசிகாமணி. கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேனேஜர். திரைச்சீலை, மேஜை விரிப்பு, தலையணை உறை, எல்லாம் கப்பலேறிப் போகிற சரக்கு. முதலாளி, பெரியவர் என்போம், அவர் காலத்தில் சேர்ந்தேன். இப்போது அவர் மகன், நாங்கள் சின்னவர் என்போம், அவர் பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு சொல் கிடையாது. ஏன் தெரியுமா? ஓரவஞ்சனை என்கிற பேச்சுக்கே நான் இடம் கொடுத்ததில்லை. எனக்கு எல்லோரும் ஒன்று.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் துணி எடுப்போம். ஒரு வருஷம் ஜவுளிக்கடைக்காரர் அனுப்பிய புடவைகளில் ரெண்டில் மட்டும் கரை ஒரு விரல் அகலமாக இருந்தது. அவ்வளவுதான். பேக்கிங் செக்‌ஷனில் ரெண்டு பெண்கள் பொங்கல் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. அகலக் கரை வாங்கினவளை மேனேஜருக்கு வேண்டியவள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து ஒரே துணிச்சுருளில் வெட்டச் சொல்லி, முன்னால் நின்று பார்த்து வாங்குகிறேன். தீபாவளி ஸ்வீட் பாக்ஸைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். சின்னவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கும் அதே பாக்ஸ்தான்.

சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிசைன், சாம்பிள், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் பேசின விலை, எல்லாம் ஆபீஸில் ஏ.சி. ரூமில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில்தான். வெளியே எங்கும் வைப்பதில்லை, அது பெரியவர் போட்ட சட்டம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் வி.பி.என். வழியாக உள்ளே வருவார்கள். உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நமக்கு மட்டும் ஒரு சுரங்கம் வெட்டின மாதிரி என்று எனக்குச் சொன்னார்கள். சுரங்கத்துக்குள் வந்து சர்வருடைய நம்பரை அடித்தால் எங்கள் சாம்பிள் பக்கம் திறக்கும். புள்ளி வைத்து நீளமாக ஒரு நம்பர், கடைசியில் பத்து. எனக்கு என் போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது.

இந்தப் பெண் பெயர் கோகிலவாணி. சாம்பிள் செக்‌ஷன். பையர் ஒரு துணியைப் பார்த்து இந்த நீலம் இல்லை, இதற்குப் பக்கத்து நீலம் என்று எழுதுவான். நமக்கு ரெண்டும் ஒன்றுதான். அவள் சரியாக எடுத்துக் கொடுப்பாள். போன ஆடியில் அவள் அப்பாவுக்குக் கையும் காலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. விட்டுவிட்டு வர முடியாது. வேலையை விடுவதாகச் சொல்ல வந்தவளை நான்தான் உட்காரவைத்தேன். சின்னவரிடம் நான்தான் பேசினேன். வீட்டிலிருந்தே பார்க்கட்டும், ஏற்கெனவே நாலு பேர் வாரத்தில் பாதி நாள் அப்படித்தான் பார்க்கிறார்கள், அவளுக்கு மட்டும் இல்லை என்றால் அது ஓரவஞ்சனை என்றேன். ஒத்துக்கொண்டார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஒரு குறை இல்லாமல் ஓடியது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவளை வேலையில் வைத்தது நான்.

தீபாவளி வந்தது. சின்னவர் என்னைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்கிற ஐந்து பேருக்கும் ஸ்வீட்டோடு உபயோகமாக ஏதாவது கொடுக்கலாம் என்றார். நான் யோசித்தேன். ஒருத்தர் வீட்டில் கேபிள்காரன் கொடுத்த பெட்டி, ஒருத்தர் வீட்டில் மச்சான் வாங்கிக் கொடுத்தது, ஒருத்தருக்கு வேகம், ஒருத்தருக்கு மந்தம். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பட்டது. ஆபீஸில் இருக்கிற அதே ரவுட்டர், அதே மாடல், அதே கறுப்பு.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் சாமான் கொடுக்கிறவர் ரியாசுதீன், ஜவஹர் பஜார் பக்கம் கடை. அவர் கடையிலேயே உட்கார்ந்து ஐந்தையும் மாட்டச் சொன்னேன். ஆபீஸ் ரவுட்டரில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே நம்பர். அவர் நடுவில் நிறுத்தி, “சார், நம்பரை மட்டும் வேற வச்சிரட்டுங்களா? ஆபீஸ் நம்பரே வீட்லயும் இருந்தா நல்லா இருக்காது” என்றார். எனக்குப் பழைய புடவைக் கரை கண் முன்னால் வந்து நின்றது. வேறு என்றால் யாருக்கு என்ன நம்பர், யாருக்குப் பெரியது, யாருக்குச் சின்னது? ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் ரெண்டாம் தடவை சொல்லவில்லை. வியாபாரி.

எனக்கென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் சில நாள் வீட்டிலிருந்து சர்வரைப் பார்ப்பவன்தான். ஆனால் கொடுக்கிற இடத்தில் இருப்பவன் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வீட்டில் இருந்த பழசே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சின்னவர் கையால் கொடுத்தோம். கொடுக்கும்போதே சொன்னேன், இனிமேல் எல்லோரும் இதைத்தான் மாட்ட வேண்டும், கம்பெனி வேலை கம்பெனிப் பெட்டியில்தான் என்று. தலையாட்டினார்கள்.

தீபாவளி முடிந்து மூணாம் நாள் கோகிலவாணி போன் செய்தாள். வி.பி.என். பச்சையாகக் காட்டுகிறது, சர்வர் வரவில்லை என்றாள். புதுப் பெட்டி, கொஞ்சம் பழக வேண்டும், அணைத்துப் போடு அம்மிணி என்றேன். போட்டாள். வரவில்லை.

நான் அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை, தம்பி. அந்த ஒரு மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆபீஸ் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஆபீஸில் எல்லோருக்கும் நெட் போய் மாடியிலிருந்து கத்தினார்கள். அவள் பாஸ்வேர்டை மாற்றினேன். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் கொடுத்தேன். ஆயுத பூஜைச் சந்தனம் ஆபீஸ் ரவுட்டரின் காற்றோட்டை அடைத்திருந்தது, அதை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன், ஆள் வந்து பார்த்து லைன் சுத்தம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவள் வீட்டில் டி.வி.யைப் பிடுங்கச் சொன்னேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கச் சொன்னேன். பெட்டியை உயரத்தில் வைக்கச் சொன்னேன், தாழ்த்தி வைக்கச் சொன்னேன், கிழக்கே திருப்பச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிங்க சார், சரிங்க சார் என்றுதான் சொல்வாள். சத்தமே வராது. ஒருநாள் மட்டும், “இத்தன தடவ அணைச்சா பெட்டி பாவம்ங்க சார்” என்றாள். நான் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். “சார், பழைய பெட்டிய மாட்டுனா உடனே வருதுங்க. இதுலதான் வரல. பழசையே வச்சுக்கட்டுங்களா?”

நீங்களே சொல்லுங்கள். தீபாவளிக்கு, சின்னவர் கையால், குங்குமம் வைத்துக் கொடுத்த பொருள். மற்ற நாலு பேரும் வாயார வாழ்த்துகிறார்கள். நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். கணக்குப் பார்க்கிற எழிலரசன், “சூப்பரா இருக்குங்க சார், பறக்குது” என்றான். டாக்குமெண்ட் பார்க்கிற ஃபிலோமினா, வீட்டுக்காரரே பாராட்டினார் என்றாள். மற்ற ரெண்டு பேரும் அதே சொல். இவளுக்கு மட்டும் பழசு வேண்டுமாம். நான் ஒன்றும் திட்டவில்லை. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம் கம்பெனியில் இல்லை அம்மிணி என்று மட்டும் சொன்னேன். சரிங்க சார் என்றாள். சொன்னபடி பழசைக் கழற்றி வைத்துவிட்டாள். வேலை நின்றது.

சந்தேகமே வேண்டாம் என்று என் வீட்டிலிருந்து போட்டுப் பார்த்தேன். சர்வர் முதல் அடியிலேயே வந்து நின்றது. அப்புறம் எழிலரசன் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பார்க்க வேண்டும் நீங்கள். ஹாலில் கண்ணாடி ஷோகேஸ். அதில் பொம்மைகள், கேடயம், நடுவில் நம் ரவுட்டர். அட்டைகூடப் பிரிக்கவில்லை, வைத்த குங்குமம் வைத்தபடி இருக்கிறது. கொடுத்த பொருளுக்கு ஒருத்தன் இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்? இப்படியும் ஒருத்தன், பெட்டியில் குறை சொல்லும் இப்படியும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் பையர் கோபமாக எழுதினான். நீலம் தப்பாகப் போயிருக்கிறது. அவள் பார்க்க முடியாமல் வேறு யாரோ எடுத்து அனுப்பியது. சின்னவர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணை வைத்துக்கொள்வதா வேண்டாமா, நீங்களே நேரில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

போனேன். ஓட்டு வீடு, சுத்தமாக வைத்திருந்தாள். முன் அறையில் மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் நம் பெட்டி, நான் சொன்னபடி கிழக்கே பார்த்து. காபி கொடுத்தாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நானே வி.பி.என். போட்டேன். பச்சை. நானே சர்வர் நம்பரை அடித்தேன், கடைசியில் பத்து.

என்ன வந்தது தெரியுமா? அவள் அப்பா வந்தார்.

ஆமாம், தம்பி. திரையில் ஒரு கட்டில், கட்டிலில் அவர். போர்வை இடுப்பு வரைக்கும். பக்கத்து அறையில் படுத்திருக்கிற மனிதர். தலைமாட்டில் ஒரு சின்னக் கேமரா வைத்திருக்கிறாளாம். வேலை பார்த்துக்கொண்டே ஒரு கண் வைத்துக்கொள்வதற்கு, மெடிக்கல் கடைக்காரர் யோசனை சொல்லி வாங்கியது. நான் நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் அவர்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல கையைத் தூக்கி எதையோ தேடினார். அவள் உள்ளே ஓடினாள். திரையில் அவள் வந்து தண்ணீர் கொடுப்பதும், வாயைத் துடைப்பதும் தெரிந்தது. எல்லாம் எங்கள் சர்வர் நம்பரில்.

அவள் திரும்பி வந்து, “எனக்கும் அப்படித்தாங்க சார் வருது. ஏன்னு தெரியல” என்றாள்.

எனக்கு ஏன் என்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்பெனிச் சர்வர் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாள். கஷ்டம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மேனேஜர் வரும்போது அதைத் திரையில் போட்டுக் காட்டுவதா? நான் எழுந்து வந்துவிட்டேன். உள் அறைக்குக்கூடப் போகவில்லை. சின்னவரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாலு பேருக்குச் சரியாக இருக்கிறது, இவள் வீட்டுக் கேமராவை நம் நம்பரில் மாட்டியிருக்கிறாள் என்றேன். தை பிறந்ததும் ஆபீஸுக்கு வரட்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கலாம் என்றார். நாளைக்குத் தை ஐந்து, பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிறது.

அதை அவளுக்குப் போனில் சொன்னேன். ரவுட்டரைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள். கம்பெனிப் பொருளாம். வெறும் பெட்டியாகத் திருப்பக் கூடாதென்று உள்ளே சர்க்கரைப் பொட்டலம், வெற்றிலை பாக்கு. பாத்திரம் திருப்புகிற மாதிரி.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன், அப்புறம் ரெண்டு மாசம் படியேறக் கூடாது. சின்னவர் பெருந்தன்மையாக, வீட்டிலிருந்தே பாருங்கள், அதான் எல்லோருக்கும் நன்றாக வருகிறதே என்றார். இந்த நேரம் பார்த்து மழையில் ஒரு இடி, என் வீட்டுப் பழைய பெட்டி கருகிவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று இதை எடுத்து மாட்டினேன். அதுதான் முதலில் சொன்னேனே, பச்சை காட்டுகிறது, சர்வர் இல்லை. அணைத்துப் போட்டேன். கிழக்கே திருப்பினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், என் வீட்டுக்காரி பால் திரிந்துவிட்டது என்று சத்தம் போட்டாள். எதற்கும் அசையவில்லை. யாரிடம் சொல்வது? எழிலரசனைக் கேட்டால் பறக்கிறது என்கிறான். சின்னவரிடம், எனக்கும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அவளிடம்தான் கேட்டாக வேண்டும். ஒன்று சர்க்கரை, இல்லையென்றால் அவள் ஏதோ செய்திருக்கிறாள்.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கிறீர்கள்?

நம்பரா? என் வீட்டு நம்பரும் ஆபீஸ் நம்பரும் ஒன்றா என்று கேட்கிறீர்களா? ஒன்றுதான். அதுதானே சொன்னேன், ஒரு புள்ளி மாறாமல்.

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.

இருங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். நம்பரின் முன்பாதி தெருப் பெயர் மாதிரி, கடைசியில் வருவது கதவு நம்பர் மாதிரி. கம்ப்யூட்டர் ஒரு நம்பரைத் தேடும்போது முதலில் தான் இருக்கிற தெருவா, வெளித்தெருவா என்று பார்க்கும். வெளித்தெரு என்றால்தான் சுரங்கத்துக்குள் இறங்கும். இங்கே வீட்டுத் தெருவுக்கும் ஆபீஸ் தெருவுக்கும் ஒரே பெயர். அதனால் அது ஆபீஸைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. வெளியே காலே வைப்பதில்லை. அப்படித்தானே?

சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ம்.

அப்படியென்றால் அந்தப் பெண் வீட்டில் நான் பத்தாம் நம்பர் என்று தட்டியபோது, அவள் வீட்டுத் தெருவிலேயே பத்தாம் நம்பரில் யார் இருந்தார்களோ அவர்கள் வந்தார்கள். கேமராவுக்கு அந்த நம்பரை அவள் கொடுக்கவில்லை? பெட்டி தானாகவே வரிசையில் கொடுத்திருக்கும் என்கிறீர்கள். நான் கொடுத்த பெட்டி.

என் பழைய பெட்டியில் வந்தது, அது வேறு தெரு என்பதால். அவளுடைய பழைய பெட்டியிலும் வந்தது. அவள் சொன்னாள். ஆமாம், சொன்னாள்.

அப்படியானால் இந்தப் பெட்டியை மாட்டினால் யாருக்குமே வந்திருக்காதே? எழிலரசன் எப்படி, பறக்கிறது என்று...

அட்டையைப் பிரிக்கவில்லை. ஆமாம். நானேதான் பார்த்தேன்.

நாலு பேரும். ஃபிலோமினாவின் வீட்டுக்காரர் உள்பட.

சரி, போகட்டும். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள். இந்தப் பாலம் வந்தால் எனக்கு எப்போதும் நா வறளும்.

இதற்கு வழி என்ன? ஐந்து வீட்டுக்கும் ஆள் அனுப்பி மாற்ற வேண்டுமா? வேண்டாமா? ஆபீஸ் நம்பரை மட்டும் மாற்றினால் எல்லோருக்கும் சரியாகிவிடுமா? ஒரே ஒரு இடத்தில்? வீடுகள் எல்லாம் ஒரே நம்பரில் இருப்பதில் குற்றமில்லை என்கிறீர்கள். நல்லது. அதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது. அப்படியானால் கொள்கையில் தப்பு இல்லை. ஆபீஸ் மட்டும் தனியாக நிற்கும். நிற்கட்டும், அது முதலாளி இடம்தானே.

ஒரு நிமிஷம், தம்பி. பாலம் தாண்டியதும் டவர் கிடைக்கும். ஒரு போன் செய்துவிடுகிறேன்.

சின்னவருங்களா? நான்தானுங்க. பரமத்திப் பக்கம் வந்தேனுங்க. கோகிலவாணி வீட்டு லைன் சரியாயிடுச்சுங்க. ஆமாங்க, நேர்லயே பார்த்தேன். நாளைக்கு அந்தப் புதுப் பொண்ண வர வேண்டாம்னு சொல்லிரலாமுங்க. என்ன குறையா? கடையிலதானுங்க. ரியாசுதீன் நம்பர மாத்தாமக் குடுத்துட்டாரு. நான் பார்த்துச் சொல்லிக்கிறனுங்க. சரிங்க. வச்சிரட்டுங்களா?

என்ன தம்பி? இன்னும் அவள் வீட்டுக்கே போகவில்லையே என்கிறீர்களா? போகத்தானே போகிறேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், படித்த பிள்ளை. ரியாசுதீனா? அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். பல வருஷப் பழக்கம். உண்மையிலேயே அவர் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார் பாருங்கள், அது அவர் செய்த தப்புதானே? நாளைக்கு அவரைக் கூப்பிட்டு ஆபீஸ் நம்பரை மாற்றச் சொல்கிறேன். அதுவரைக்கும் அவள் பழசையே மாட்டிக்கொள்ளட்டும். ஒரு நாள்தானே. மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

சின்னவர் அதற்கு மேல் தோண்டிக் கேட்கவில்லை. சரிங்க, நல்லதுங்க என்றார். புது ஆளுக்கு இனிமேல் வேலை கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

என் நிறுத்தம் வருகிறது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், ஆரஞ்சு. நோயாளியைப் பார்க்கப் போனால் கம்பெனி சார்பில் வாங்குவது, யார் வீடாக இருந்தாலும் இதே அளவுதான். இன்றைக்குக் கொஞ்சம் கூட வாங்கியிருக்கலாம். கடை தாண்டிவிட்டோம்.

முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது. கண்டக்டரிடம் ஒரு குரல் கொடுங்கள், மெதுவாக இறங்க வேண்டும் என்று.

அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். ஆபீஸ் நம்பர் மாறப்போகிறது, இனி எல்லாம் வரும், நாளையிலிருந்து வழக்கம்போல வேலையைப் பார் அம்மிணி என்பேன். ஏன் மாறுகிறது, என் மேல் என்ன தப்பு இருந்தது என்று அவள் கேட்டால், ஆபீஸ் விஷயம், உனக்கு எதற்கு என்று ஒரு அதட்டல் போட்டுவிடலாம். அது எனக்கு வரும்.

ஆனால் அவள் கேட்க மாட்டாள், தம்பி. சரிங்க சார் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவாள். அந்தக் காபியை எப்படிக் குடிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.